கிளப்புக்கு வசூல் பண்ணப் போறீங்களா? முதல்ல எதுக்குன்னு முடிவு பண்ணுங்க

புதுசா ஒரு சேவை கிளப் ஆரம்பிக்கிறவங்க, இல்லன்னா இருக்கிற கிளப்புல புதுசா பொறுப்புக்கு வந்தவங்க, யாரா இருந்தாலும் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, "ஃபண்ட் கலெக்ட் பண்ண நல்ல ஐடியா ஏதாவது இருக்கா?" நான் ஒரு சின்ன கிளப்புல மூணு வருஷம் டிரஷரரா இருந்தேன், அதனால கேக்குறாங்க. நான் திருப்பி "எதுக்கு காசு?"ன்னு கேப்பேன். "அது வரட்டும், வந்தா பாத்துக்கலாம்"னு பதில் வரும் பாருங்க, அங்கதான் பாதி கிளப் படுத்துக்குது.

வேலை என்னன்னு தெரியாம வசூலுக்கு இறங்கினா, கொடுக்குறவங்க முகத்தைப் பாத்து பேச முடியாது. "நல்ல காரியத்துக்கு சார்"னு இழுக்க வேண்டி வரும். "பக்கத்து ஸ்கூல்ல அறுபது பிள்ளைங்களுக்கு கண்ணாடி வேணும், நாப்பதுக்கு ஏற்பாடு ஆயிடுச்சு, மீதி இருபதுக்குத்தான் கேக்குறோம்"னு சொல்லிப் பாருங்க, எதிர்ல இருக்கிறவர் மனசுக்குள்ளயே கணக்கு போட ஆரம்பிச்சிடுவார்.

சரி, வேலையை எப்படி கண்டுபிடிக்கிறது? மீட்டிங்ல உக்காந்து யோசிக்காதீங்க. பத்து பேர் உக்காந்து யோசிச்சா அந்த பத்து பேருக்கு என்ன கொடுக்க ஆசையோ அதுதான் வெளிய வரும், வாங்குறவங்களுக்கு என்ன வேணும்ங்கிறது வராது. நாங்க ஒரு வருஷம் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் பை கொடுக்கலாம்னு ஏகமனதா தீர்மானம் எல்லாம் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போனா, அங்க இருந்த டீச்சர் "பை எல்லார்கிட்டயும் இருக்குங்க, கடைசி பெஞ்சுல பாதி பேருக்கு போர்டு தெரியல, அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா"ன்னாங்க. அந்த ஒரு வரியிலதான் அடுத்த மூணு வருஷ வேலை கிடைச்சது. ஸ்கூல் டீச்சர், ஆஸ்பத்திரி நர்ஸ், முதியோர் இல்லத்துல சமைக்கிறவங்க, குப்பை எடுக்க வர்றவங்க, இவங்ககிட்ட தனித்தனியா அரை மணி நேரம் பேசினாலே போதும். "உங்களுக்கு என்ன வேணும்"னு கேக்காதீங்க, கூச்சப்பட்டு ஒண்ணும் வேணாம்னுடுவாங்க. "போன மாசம் ரொம்ப கஷ்டப்பட்ட நாள் எது"ன்னு கேளுங்க.

கண்டுபிடிச்ச வேலை பாக்க பகட்டா இல்லையேன்னு கவலைப்படாதீங்க. ரோட்டரி 1905-ல சிகாகோவுல பால் ஹாரிஸ்ங்கிற வக்கீல் இன்னும் மூணு பேரோட சேர்ந்து ஆரம்பிச்சது. அவங்க ஊருக்காகன்னு கையில எடுத்த முதல் பொது வேலை என்ன தெரியுமா, சிட்டி ஹால் பக்கம் பொதுக் கழிப்பறை கொண்டுவர்றது. இன்னைக்கு நம்ம மீட்டிங்ல யாராவது கழிப்பறைன்னு வாயெடுத்தா போட்டோ நல்லா வராதுன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவார்.

கண் பரிசோதனை முகாம் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா நிறைய கிளப் இதை எடுக்குது. ஹெலன் கெல்லர் 1925-ல லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து பார்வையில்லாதவங்களுக்காக நில்லுங்கன்னு கேட்டுக்கிட்டதுல இருந்து கண் சம்பந்தப்பட்ட வேலை லயன்ஸ்ஸோட அடையாளமாவே ஆயிடுச்சு. முகாம்ல டாக்டர் பண்றதை டாக்டர் பண்ணட்டும், நம்ம வேலை அதைச் சுத்தி இருக்கிறது. எழுத்து சார்ட்டை வழக்கமா 6 மீட்டர் தூரத்துல வெச்சுப் பாப்பாங்க, அதனால முதல் நாளே டேப்பை எடுத்துட்டுப் போய் அந்த நீளம் ரூம்ல இருக்கான்னு அளந்துட்டு வாங்க, நாங்க அளக்காம போயி கடைசி நிமிஷத்துல எல்லாரும் சேர்ந்து பெஞ்சு தூக்கினோம். அப்புறம் பிள்ளைங்க நிக்கிற க்யூவுல இருந்து சார்ட் தெரியவே கூடாது. தெரிஞ்சா முன்னாடி நிக்கிறவன் படிக்கிறதைக் கேட்டு பின்னாடி நிக்கிற பத்து பேரும் மனப்பாடம் பண்ணிடுவாங்க, கண்ணே தெரியாத பையன் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சதை நானே பாத்திருக்கேன், கொஞ்சம் விட்டிருந்தா "நார்மல்"னு எழுதி அனுப்பியிருப்போம். ஒரு கண்ணை மூடச் சொன்னா விரல் இடுக்கு வழியா எட்டிப் பாக்கும், அதனால கைக்குப் பதிலா ஒரு அட்டையைக் கொடுத்து மூடச் சொல்லுங்க.

பெரியவங்களுக்குன்னு நடத்தினா வேற கதை. நாப்பது வயசு தாண்டினாலே கிட்டப் படிக்கிறது எல்லாருக்கும் மங்க ஆரம்பிக்கும், அதுல நிறைய பேருக்கு சாதாரண ரீடிங் கிளாஸே போதும், டாக்டர் பாத்து சொன்னதும் அங்கயே கையில கொடுத்து அனுப்பிடலாம். கண்புரைன்னு எழுதிக் கொடுத்தாங்களே, அவங்க விஷயம்தான் கஷ்டம். ஆபரேஷனுக்கு வரச்சொன்ன அன்னைக்கு கூட்டிட்டு வர ஆள் இருக்காது, வீட்ல பயமுறுத்தியிருப்பாங்க, இல்ல ஒரு நாள் கூலி போயிடும். அதனால முகாம் நடக்கிற அன்னைக்கே ஒரு நோட்டு போட்டு, பேர், போன் நம்பர், நம்ம மெம்பர்ல யார் அவரை கூட்டிட்டுப் போறது, மூணையும் எழுதிடுங்க. முகாமுக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு பேனர்ல போடுறோமே, அதை விட்டுடுங்க. அந்த நோட்டுல எத்தனை பேருக்கு ஆபரேஷன் முடிஞ்சு டிக் விழுந்துச்சுங்கிறதுதான் கணக்கு. எங்க முதல் முகாம்ல டிக் விழுந்தது ரொம்ப கொஞ்சம், சொல்லவே வெக்கமா இருக்கும்.

ரத்த தானமும் அப்படித்தான், அள்ளிக் குவிக்கிற ஆசையில பண்ணக் கூடாது. சிவப்பணுக்களை குளிர்ல வெச்சாலும் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும், பிளேட்லெட் சாதாரணமா அஞ்சு நாள். ஜூன் 14 உலக ரத்த தான நாள்னு எல்லா கிளப்பும் ஒரே வாரத்துல முகாம் போட்டா அப்ப நிறைஞ்சு வழியும், ரெண்டு மாசம் கழிச்சு ஒரு யூனிட்டுக்கு ஆள் தேடி வாட்ஸ்ஆப்ல மெசேஜ் ஓடும். முகாம் தேதியை நீங்க முடிவு பண்ணாதீங்க, ரத்த வங்கிக்கு போன் பண்ணி எந்த மாசம் உங்களுக்கு தட்டுப்பாடு வரும்னு கேட்டு அந்த தேதியை வாங்குங்க. அவங்களே ஆச்சரியப்படுவாங்க, யாரும் கேக்குறதில்ல. கொடுத்தவங்க லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு, மறுபடி கொடுக்கிற தகுதி வந்ததும் (எத்தனை வாரம்ங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், ரத்த வங்கியே சொல்லும்) ஒரு போன் பண்ணுங்க. முதல் தடவை கொடுத்துட்டு மயக்கம் வந்து விழுந்தவர் மறுபடி வரமாட்டார், அதனால கொடுத்து முடிச்சவங்க ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் உக்கார நாற்காலி, குடிக்க ஏதாவது, பக்கத்துல பேச்சு கொடுத்துக்கிட்டு ஒரு மெம்பர், இது மூணும் கட்டாயம்.

இப்ப காசு விஷயத்துக்கு வருவோம்.

முதல் நாளே ரெண்டு பேங்க் அக்கவுன்ட் திறங்க. ஒண்ணு கிளப் நடத்துற செலவுக்கு, அதாவது மெம்பர் சந்தா, மீட்டிங் ஹால் வாடகை, பேட்ஜ், தபால் இதெல்லாம். இன்னொண்ணு வெளி ஆளுங்ககிட்ட வாங்கின காசுக்கு மட்டும். பொதுமக்கள் கொடுத்தது பொதுமக்களுக்கே போகணும், அதுல இருந்து நமக்கு ஒரு டீ கூட குடிக்கக் கூடாது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, லயன்ஸ் கிளப்புங்களுக்கு இப்படி நிர்வாகத்துக்கு தனியா, சேவைக்கு தனியான்னு விதியே இருக்கு. நிகழ்ச்சியோட நேரடி செலவை, அதாவது அன்னைக்கு எடுத்த ஹால், அடிச்ச டிக்கெட்டு, அந்த மாதிரி, வசூல்ல கழிச்சுக்கலாம், ஆனா கழிச்சது எவ்வளவுன்னு கேக்குறவங்களுக்கு காட்டணும். "எல்லாம் நம்ம கிளப் காசுதானே, இந்த மாசம் இதுல இருந்து எடுத்துட்டு அடுத்த மாசம் போட்டுடலாம்"னு ஒரு பெரியவர் மீட்டிங்ல சொல்லுவார், ரொம்ப நல்லவராத்தான் இருப்பார். முடியாதுங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, ஆனா சொல்லிடுங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க.

அடுத்து, எந்த மாதிரி நிகழ்ச்சி. நிகழ்ச்சின்னாலே பாட்டுக் கச்சேரி, கலைநிகழ்ச்சின்னு போயிடுறாங்க. நாங்களும் போனோம். ஹால், மைக் செட், லைட், மேடை, பாடுறவங்களுக்கு வண்டி, சாப்பாடு, போஸ்டர்னு போய் மூணு மாசம் பதினாலு பேர் தூக்கமில்லாம அலைஞ்சு கடைசியில மிஞ்சினதை பாத்தா, நாங்க பதினாலு பேரும் சத்தமில்லாம ஆளுக்கு கொஞ்சம் கையில இருந்து போட்டிருந்தா அதைவிட அதிகமா வந்திருக்கும். அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வெச்சோம். எந்த ஐடியா வந்தாலும் ஒரு பேப்பர்ல, செலவு எவ்வளவு, மோசமா போனா எவ்வளவு வரும், மொத்தம் எத்தனை மணி நேரம் ஆளுங்க உழைக்கணும், இதை எழுதி, மிஞ்சுறதை மணி நேரத்தால வகுத்துப் பாக்குறது. பளபளன்னு இருக்கிற ஐடியா பாதி அங்கயே செத்துடும். "மோசமா போனா"ங்கிற இடத்துல மழையையும் சேத்துக்கோங்க.

அந்த கணக்குல எங்களுக்கு எப்பவும் ஜெயிச்சது பழைய புத்தக விற்பனை. முதலீடு கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல, எல்லார் வீட்லயும் மூட்டை கட்டின புத்தகம் இருக்கு, எடுத்துட்டுப் போனா போதும்னு இருப்பாங்க. அதுதான் ஆபத்தும். எதை வாங்க மாட்டோம்னு நோட்டீஸ்லயே போட்டுடுங்க, பழைய பாடப்புத்தகம், செட்ல ரெண்டு குறையுற கலைக்களஞ்சியம், கரையான் புடிச்சது, போன வருஷ தேர்வு கைடு இதெல்லாம் வேணாம்னு. போடலன்னா உங்க கிளப் ஊர்க் குப்பையை இலவசமா அள்ளுற இடம் ஆயிடும், விற்பனை முடிஞ்சு அதை அப்புறப்படுத்த வண்டிக்கு காசு கொடுக்கணும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் விலை ஒட்டாதீங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. மூணே மேசை, மேசைக்கு ஒரு விலை, சில்லறை தேவைப்படாத முழு நோட்டு விலையா வெச்சுக்கோங்க. குழந்தைங்க புத்தகத்தை தரைக்கு பக்கத்துல வைங்க, அதுங்க உக்காந்துடும், அம்மா அப்பா வேற வழியில்லாம பக்கத்து மேசையை மேய ஆரம்பிப்பாங்க. கடைசி ஒரு மணி நேரம் "ஒரு பை நிறைய, ஒரே விலை"ன்னு அறிவிச்சா மிச்சம் காலியாகும்.

வாக்கத்தான் நடத்தினா ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வாக்கு வாங்கிட்டு நடந்து முடிச்சப்புறம் வசூலிக்கலாம்னு நினைக்காதீங்க, வாக்கு கொடுத்தவங்க போன் எடுக்க மாட்டாங்க. பதிவுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிடுங்க.

குலுக்கல் சீட்டு போடுறதா இருந்தா முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு விசாரிங்க, பல இடங்கள்ல இதுக்கு அனுமதி வாங்கணும், சில இடத்துல தடையே இருக்கு, நல்ல காரியம்னு சொன்னாலும் விடமாட்டாங்க. அனுமதி இருந்தா நம்பர் போட்ட சீட்டு, அடிக்கட்டையோட. எந்த மெம்பர் எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் வாங்கினார்னு ஒரு நோட்டுல கையெழுத்து. விக்காத சீட்டை குலுக்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி திருப்பிக் கொடுக்கணும், கொடுக்கலன்னா அது வித்ததா கணக்கு, காசு அவர் கட்டணும். இந்த ஒரு வரியை முதல்லயே சொல்லிட்டா "என் கார்ல இருக்கு, நாளைக்கு தர்றேன்" எல்லாம் தானா குறையும்.

பணத்தை எண்றதுலதான் கிளப் உடையுது, அதனால இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. ஒரு வருஷம் எங்க விற்பனை முடிஞ்சு எண்ணிப் பாத்தா, ஒரு மேசைப் பெட்டியில வித்த கணக்குக்கும் காசுக்கும் இடிக்குது. பெரிய தொகை இல்ல. ஆனா அந்த மேசையில உக்காந்திருந்தவரை யாரும் ஒண்ணும் கேக்கல, கேக்காம ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, அவர் அதைப் பாத்துட்டார். நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, மத்தியானம் நாற்காலி கொண்டு வந்த வண்டிக்காரருக்கு இன்னொருத்தர் அந்தப் பெட்டியில இருந்து எடுத்துக் கொடுத்துட்டு சொல்ல மறந்துட்டார். சாரி சொன்னோம், பரவால்லன்னார், அதுக்கப்புறம் அவர் மீட்டிங்குக்கு வரவே இல்ல. நல்ல உழைப்பாளி. அவர் மேல தப்பு இல்ல, எங்க முறைதான் தப்பு.

அதுக்கப்புறம் நாங்க வெச்ச முறை இதுதான். காலையில ஒவ்வொரு பெட்டியிலயும் சில்லறைக்குன்னு எவ்வளவு போட்டோம்னு எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிடுவோம். பெட்டியில இருந்து எந்த செலவுக்கும் காசு எடுக்கக் கூடாது, ஒரு டீக்குக் கூட, செலவுக்கு தனியா ஒருத்தர்கிட்ட தனிக்காசு இருக்கும், அவர்கிட்ட பில்லு கொடுத்து வாங்கிக்கணும். முடிஞ்சதும் ஒரே குடும்பத்தைச் சேராத ரெண்டு பேர் சேர்ந்து எண்ணணும், ஆளுக்கு ஒரு தடவை, எத்தனை நோட்டு எந்த மதிப்புன்னு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து, அந்த தாளை அங்கயே போட்டோ எடுத்து கமிட்டி குரூப்ல போட்டுடணும். மறுநாள் அந்த தொகை அப்படியே, ஒரு நோட்டு குறையாம பேங்க்ல. பேங்க் சலான்ல இருக்கிற நம்பரும் தாள்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான் ஆடிட். கியூஆர் கோடு வெச்சா கிளப் அக்கவுன்ட்டோடது மட்டும்தான், "அவசரத்துக்கு என் நம்பருக்கு போடுங்க, நான் மாத்திடுறேன்"ங்கிறதை யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, தலைவர் சொன்னாலும். இப்படி இருந்தா சந்தேகப்படுறது நம்மளை இல்ல, தாளைத்தான்.

ஸ்பான்சர் கேக்கப் போறப்ப ரெண்டு பேரா போங்க, ஒரு பக்கத்துக்கு மேல பேப்பர் வேணாம், தொகையை சொல்லிக் கேளுங்க, "உங்களால முடிஞ்சது"ன்னா அவருக்கும் சங்கடம் நமக்கும் சங்கடம். காசா கொடுக்கணும்னு இல்ல, அச்சகம் வெச்சிருக்கிறவர் நோட்டீஸ் அடிச்சுத் தரலாம், வண்டி வெச்சிருக்கிறவர் ஒரு நாள் வண்டி தரலாம், காசு கேட்டா யோசிக்கிறவங்க இதுக்கு சட்டுன்னு சரின்னுடுவாங்க. சின்ன தொகையை யாரும் கேவலமா பாக்காதீங்க. ரோட்டரி தலைவரா இருந்த ஆர்ச் கிளம்ப் 1917-ல உலகத்துக்கு நல்லது செய்ய ஒரு நிதி வேணும்னார், அதுக்கு வந்த முதல் பங்களிப்பு கன்சாஸ் சிட்டி கிளப் கொடுத்த 26 டாலர் 50 சென்ட். அதுதான் பின்னால ரோட்டரி ஃபவுண்டேஷன் ஆச்சு. ரசீதும் நன்றியும் ரெண்டு நாளுக்குள்ள போயிடணும். மூணு மாசம் கழிச்சு, எதுவும் கேக்காம, "நீங்க கொடுத்ததுல இது நடந்துச்சு"ன்னு நாலு வரி அனுப்புங்க. அடுத்த வருஷம் அவரே கூப்பிடுவார், இது நான் பாத்த விஷயம்.

போட்டோ. ஒரு கண்ணாடி டப்பாவை ஏழு கை புடிச்சிருக்கும், எட்டாவதா அந்தக் குழந்தை, கேமராவைப் பாக்கிறதா டப்பாவைப் பாக்கிறதான்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கும். தயவுசெஞ்சு வேணாம். நம்ம ஆளுங்க பெஞ்சு தூக்குறதை எடுங்க, புத்தகம் அடுக்குறதை எடுங்க. வாங்குறவங்க முகம் வேணும்னா கேட்டுட்டு எடுங்க, பிள்ளைங்கன்னா பெத்தவங்ககிட்ட கேளுங்க, வேணாம்னா அதுக்கப்புறம் பேச்சே இல்ல.

மெம்பர்ங்க விஷயம் சுருக்கமா. இருபது பேர்ல ஏழு பேர்தான் வேலை செய்வாங்க, மத்தவங்க சோம்பேறிங்கன்னு அர்த்தம் இல்ல, அவங்ககிட்ட யாரும் குறிப்பா ஒரு வேலையை சொல்லல. "எல்லாரும் வந்து ஹெல்ப் பண்ணுங்க"ன்னு குரூப்ல போட்டா கை கூப்பின இமோஜி வரும், ஆள் வராது. "சனிக்கிழமை 9-ல இருந்து 11 வரைக்கும் பதிவு மேசை உங்களோடது"ன்னு போன் பண்ணி சொன்னா வருவாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரு ஷிப்ட் வேணாம்.

கடைசியா, ரொம்ப பேர் கோட்டை விடுறது, பொறுப்பு மாத்துறது. லயன்ஸ், ரோட்டரி ரெண்டுலயும் வருஷம் ஜூலை 1-ல ஆரம்பிச்சு ஜூன் 30-ல முடியும், புதுத் தலைவர் வந்ததும் தன் பேர்ல ஒரு புது ப்ராஜெக்ட் வேணும்னு பழசை தூக்கிப் போட்டுடுறது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். ரோட்டரி போலியோவை புடிச்சதைப் பாருங்க. 1979-ல பிலிப்பைன்ஸ் குழந்தைங்களுக்கு சொட்டு மருந்துன்னு ஆரம்பிச்சு, 1985-ல உலகம் முழுக்கன்னு விரிச்சு, 1988-ல உலக சுகாதார அமைப்பு எல்லாம் சேர்ந்தப்ப வருஷத்துக்கு சுமார் 3,50,000 குழந்தைங்களை அது முடக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு அது 99 சதவீதத்துக்கு மேல குறைஞ்சாச்சு, ஆனா பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான்ல இன்னும் விடல, அதனால இவங்களும் விடல. இத்தனை வருஷத்துல எத்தனை தலைவர் மாறியிருப்பாங்க. சின்ன கிளப்புக்கும் அதே மாதிரி, ஒரு ப்ராஜெக்ட்டை குறைஞ்சது மூணு வருஷத்துக்குன்னு தீர்மானம் போட்டுடுங்க, புதுத் தலைவர் அதுக்கு மேல வேணும்னா தன்னோடதை சேத்துக்கட்டும்.

மாறுறப்ப கொடுக்க வேண்டியது ஒரு ஃபைலும் ஒரு பென் டிரைவும். முகாம் நோட்டு, ரத்தம் கொடுத்தவங்க லிஸ்ட், ஸ்பான்சர் யார் யார், அவங்களுக்கு கடைசியா எப்ப நன்றி சொன்னோம், எண்ணின தாளுங்க, கியூஆர் கோடு எந்த அக்கவுன்ட்டோடது, ஈமெயில் பாஸ்வேர்டு. பேங்க்ல கையெழுத்து மாத்துற ஃபாரத்தை மாறுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கொடுத்துடுங்க, தீர்மான நகல் கேப்பாங்க, போட்டோ கேப்பாங்க, பழைய ஆள் நேர்ல வரணும்பாங்க. எங்க கிளப்புல இதை தள்ளிப் போட்டு, நான் பொறுப்பை விட்டு நாலு மாசம் ஆகியும் செக்குல என் கையெழுத்துதான் செல்லும்னு, கண்ணாடிக் கடைக்கு காசு கொடுக்க ஒவ்வொரு தடவையும் புது டிரஷரர் செக் புக்கைத் தூக்கிக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நின்னார்.